மொகிலி மலைப்பாதையும் ஹேண்ட் பிரேக்கும்

கீழ்நாட்டுச் சமவெளியிலிருந்து மைசூர்ப் பீடபூமிக்கு ஏற விரும்பியவனுக்கு மலைத்தொடர் விட்டுவைத்த வாயில்கள் மிகச் சிலவே. அவற்றுள் ஒன்று, சித்தூரிலிருந்து மேற்கே பங்காருபாளையத்தைக் கடந்து, மொகிலி என்னும் சிவஸ்தலத்தின் அருகே மலையைத் தொட்டு, வளைந்தும் நெளிந்தும் ஏறிப் பலமனேரில் பீடபூமியின் விளிம்பைப் பிடிக்கும் மார்க்கமாகும். சித்தூர் கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,000 அடி உயரத்தில் இருக்கிறது. பலமனேரோ 2,200 அடிக்கும் மேலே. இடைப்பட்ட தூரம் ஏறக்குறைய 40 கிலோமீட்டர். காகிதத்தில் பார்த்தால் இது பெரிய ஏற்றமாகத் தோன்றாது. ஆனால் அதன் பெரும்பகுதி மொகிலிக்கு மேலுள்ள சிறு தூரத்துக்குள் அடங்கிவிடுவதால், மாடு கட்டிய காலத்திலும் சரி, மோட்டார் வந்த பின்பும் சரி, இவ்வழியே போகிறவனுக்கு ஏறுவது ஒரு சிரமமாகவும், இறங்குவது அதைவிடப் பெரிய கவலையாகவும் இருந்துவந்திருக்கிறது. ஏறும்போது சக்தி போதாவிட்டால் வண்டி நின்றுவிடும், அவ்வளவுதான். இறங்கும்போதோ, ஏறி நடுவழியில் நின்றபோதோ, தடை போதாவிட்டால் வண்டி நிற்காது. அந்தத் தடையின் சரித்திரத்தை, இன்று நம் வீட்டு மோட்டார் காரில் ஆசனத்தின் பக்கத்தில் அடக்கமாய்க் கிடக்கும் ஹேண்ட் பிரேக் வரையில் தொடர்ந்து பார்ப்பதற்கு, இந்த மலைப்பாதையை விடப் பொருத்தமான இடம் நம் பக்கத்தில் எனக்குத் தெரியவில்லை.

மொகிலிக் கணவாய் சரித்திரப் புத்தகங்களில் இடம்பெற்றது 1791இல். அவ்வாண்டு பிப்ரவரி மாதம் வேலூரிலிருந்து படையோடு புறப்பட்ட ஆங்கிலேயத் தளபதி கார்ன்வாலிஸ் பிரபு, ஆம்பூர்ப் பக்கமாகப் போவதுபோல் போக்குக் காட்டித் திப்பு சுல்தானின் கவனத்தை அத்திசையிலேயே நிறுத்திவிட்டு, வடக்கே திரும்பிச் சித்தூர் மார்க்கமாக வந்து, எதிர்ப்பே இல்லாமல் இந்தக் கணவாயில் ஏறிப் பலமனேரை அடைந்தார். அங்கிருந்து முளபாகல், கோலார் வழியாகச் சென்று மார்ச் 21ஆம் தேதி பெங்களூர்க் கோட்டையைப் பிடித்தார். பீரங்கிகளை இழுக்க மாடுகளும், பின்னாலிருந்து முட்டித் தள்ள யானைகளும் இருந்தன. யுத்த சரித்திரம் எழுதியவர்கள் ஏறின கதையைச் சொல்வதோடு நின்றுவிடுகிறார்கள். மாடுகள் மூச்சு வாங்க நிற்கும் ஒவ்வொரு இடத்திலும் பீரங்கி வண்டியின் சக்கரத்தடியில் கல்லையோ கட்டையையோ சொருகிக்கொண்டே பின்னால் நடந்த கூலியாளைப் பற்றி எந்தத் தளபதியின் நாட்குறிப்பும் கவலைப்படுவதில்லை. ஆனால் அவன் இல்லாமல் எந்தப் பீரங்கியும் எந்த மலையும் ஏறியதில்லை.

அதற்குப் பின் இவ்வழி சமாதான காலத்து ராஜபாட்டையாயிற்று. நீலகிரி வெள்ளைக்காரருக்குத் திறந்துவிடப்படுமுன், அதாவது ஜான் சல்லிவன் 1819இல் அம்மலைமேல் ஏறி உதகமண்டலத்தை உண்டாக்குமுன், சென்னையின் வெயில் தாங்காத துரைமார்கள் தேக சௌக்கியத்துக்காக வந்து தங்கிய இடங்களுள் பலமனேரும் ஒன்று. உதகை பிரபலமானவுடன் அந்தப் பெருமை போயிற்று. 1864இல் ஜோலார்ப்பேட்டையிலிருந்து பெங்களூருக்கு ரயில் ஓடத் தொடங்கியதும், சென்னைக்கும் மைசூர்ச் சீமைக்கும் இடைப்பட்ட பிரயாணிகளில் பெரும்பாலோர் தெற்கே போய்விட்டார்கள். பலமனேருக்கு அன்றும் ரயில் வரவில்லை, இன்றும் வரவில்லை. 1911இல் வட ஆர்க்காட்டிலிருந்து பிரிந்து சித்தூர் ஜில்லாவில் சேர்ந்து, 1953இல் ஆந்திர ராஜ்யத்தோடு போய், தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே சந்தையில் விலை பேசும் ஊராக இருந்துகொண்டே, அது தன் புளியையும் தானியத்தையும் காய்கறியையும் சாலை வழியாகவே கீழே இறக்கிக்கொண்டிருக்கிறது. ரயில் தொடாத மலை விளிம்பில் உள்ள ஊருக்கு வண்டியின் தடை என்பது சில்லறை விஷயமல்ல.

பாரம் ஏற்றிய மாட்டு வண்டி மலையிலிருந்து இறங்குவதைப் பார்த்தறியாதவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். சமதளத்தில் மாடு வண்டியை இழுக்கிறது. இறக்கத்தில் வண்டி மாட்டைத் தள்ளுகிறது. நுகத்தடி முன்னே சரிந்து மாட்டின் கழுத்தைவிட்டுக் கொம்பின்மேல் முட்டும்; மாடு பின்னங்காலை ஊன்றிப் பாரத்தைத் தாங்கப் பார்க்கும்; லாடம் கல்லில் வழுக்கினால் மாடும் வண்டியும் மூட்டைகளும் ஒன்றாய்ப் பள்ளத்தில் கிடக்கும். இதற்கு வண்டிக்காரர்கள் கண்ட உபாயங்கள் பல. மிகப் பழையது, ஒரு சக்கரத்தின் ஆரக்காலையும் வண்டிச் சட்டத்தையும் வடக்கயிற்றாலோ சங்கிலியாலோ பிணைத்து, அந்தச் சக்கரம் சுழலாமல் தேய்ந்துகொண்டே வரும்படி செய்வது. இதனால் இரும்புப் பட்டா ஒரே இடத்தில் தேய்ந்து தட்டையாகிவிடும், பாதையும் உழப்பட்டுப்போகும். பெரிய மரக்கிளையை வெட்டி வண்டியின் பின்னால் கட்டி இழுத்துவருவது இன்னொன்று. கீழே இறங்கியதும் கிளையை அங்கேயே அவிழ்த்துப் போட்டுவிட்டுப் போவார்கள்.

இவற்றைவிட யுக்தி நிறைந்தது குறுக்குக் கட்டை. வண்டியின் பின்புறத்தில் இரண்டு சக்கரங்களையும் எட்டும்படி ஒரு நீண்ட கட்டையைக் கயிற்றில் தொங்கவிட்டு, அக்கயிற்றை முன்னே வண்டிக்காரன் கைக்கு எட்டும் இடம் வரையில் கொண்டுவந்திருப்பார்கள். இறக்கம் வந்ததும் அவன் கயிற்றை முறுக்கி இழுத்துக் கட்டுவான். கட்டை இரண்டு பட்டாக்களின் மேலும் ஒருசேர அழுந்தும். கிரீச்சென்ற சத்தம் மலை முழுவதும் கேட்கும். கயிறு நனைந்தால் இறுகும், காய்ந்தால் தளரும். கட்டையோ ஒவ்வொரு இறக்கத்திலும் சிறிது தேய்ந்துபோகும். ஆகையால் புத்தியுள்ள வண்டிக்காரன் மலைக்கு மேலேயே, மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் நேரத்தில், கட்டை இரண்டு பக்கமும் சமமாகப் படுகிறதா என்று பார்த்துக் கயிற்றின் முடிச்சை ஓரிரு விரற்கடை மாற்றிப் போட்டுக்கொள்வான். தேய்கிற பொருள் ஒன்று, நீள்கிற பொருள் ஒன்று, இரண்டையும் அவ்வப்போது கையால் ஈடுசெய்யவேண்டிய அவசியம் ஒன்று: ஹேண்ட் பிரேக்கின் சாஸ்திரம் முழுவதும் இந்த மூன்றுக்குள் அடங்கியிருக்கிறது. பின்னால் வந்தவர்கள் கட்டைக்குப் பதில் பிரேக் ஷூவையும், கயிற்றுக்குப் பதில் இரும்புக் கேபிளையும், முடிச்சுக்குப் பதில் ஒரு நட்டையும் வைத்தார்கள்.

கட்டையின் தேய்மானத்தைப் பற்றிச் சொல்லும்போது இங்கிலாந்திலிருந்து ஒரு செய்தியை இங்கே கொண்டுவரலாம். டெர்பிஷயர் மலைப்பக்கத்துக் குதிரை வண்டிக்காரர்கள் இறக்கத்தில் மரத்தடை இரும்புப் பட்டாவில் வழுக்காமல் இருப்பதற்காக, பழைய பூட்ஸ் தோலை அதில் வைத்துப் பயன்படுத்துவதை ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவர் கவனித்தார். தேய்வதற்கென்றே ஒரு தனிப் பொருளை உண்டாக்கினால் என்ன என்று அவருக்குத் தோன்றிற்று. 1897இல் அவர் தொடங்கிய தொழிலே பின்னர் ஃபெரோடோ என்ற பெயரில் உலகமெங்கும் பிரேக் லைனிங் விற்ற நிறுவனமாக வளர்ந்தது. முதலில் பருத்தியும் ரோமமும், பிறகு கல்நாரும் அப்பொருளில் சேர்ந்தன. கல்நார்த் தூள் சுவாசப்பையைக் கெடுக்கும் என்று உலகம் ஒப்புக்கொள்வதற்கு வெகுகாலம் பிடித்தது. ஒரு மலைநாட்டு வண்டிக்காரனின் கிழிந்த பூட்ஸிலிருந்து ஒரு பெருந்தொழில் பிறந்தது. நம் மொகிலி வண்டிக்காரனுக்குப் பூட்ஸ் இருந்ததில்லை என்பதால் அந்தக் கீர்த்தி நமக்குக் கிடைக்காமற்போயிற்று என்று வேடிக்கையாகச் சொல்லிக்கொள்ளலாம்.

மோட்டார் வந்தபோது அதன் தடை வண்டித் தடையின் நேர் வாரிசாகவே இருந்தது. ஆதி மோட்டார்களில் கையால் இழுக்கும் லீவர்தான் பிரதான பிரேக். அது வண்டியின் வெளிப்புறத்தில், சாரதியின் கைக்கு எட்டுமிடத்தில் நீண்டு நின்றது. காலால் மிதிப்பது பெரும்பாலும் யந்திரத்தை அடுத்த தண்டைப் பிடிக்கும் துணைத் தடையாகவே இருந்தது. 1902இல் பிரான்ஸ் தேசத்து லூயி ரெனோ, சக்கரத்தோடு சுழலும் ஒரு கிண்ணத்தின் உட்புறத்தில் ஷூக்கள் விரிந்து அழுந்தும் டிரம் பிரேக்குக்கு உரிமை பெற்றார். மழையும் சேறும் படாமல் தடை உள்ளே மறைந்துகொண்டது. 1908 முதல் 1927 வரையில் ஒன்றரைக் கோடிக்கு மேல் உற்பத்தியான ஃபோர்டு ‘டி’ மாடலில்கூட, பின்சக்கரங்களை நேராகப் பிடித்தது கைலீவர்தான்; கால் மிதி கியர்ப் பெட்டிக்குள் இருந்த ஒரு பட்டையைத்தான் இறுக்கிற்று. அக்காலத்தில் இவ்விதமான வண்டியில் மலையிறங்கியவர்களின் வலக்கையிலும் இடக்கையிலும் இருந்த பொறுப்பை நினைத்துப் பார்த்தால், இன்று நாம் ஒரு காலை லேசாக அழுத்திவிட்டு வேறு பேச்சுப் பேசிக்கொண்டு இறங்குவது எவ்வளவு பெரிய சௌகரியம் என்பது விளங்கும்.

அந்தச் சௌகரியத்தைக் கொடுத்தது திரவம். மால்கம் லாக்ஹீட் என்ற அமெரிக்கர் வகுத்த முறையில், மிதியின் அழுத்தத்தை எண்ணெய் போன்ற திரவத்தின் வழியாக நான்கு சக்கரங்களுக்கும் சமமாக அனுப்பும் பிரேக், 1921இல் டூசன்பர்க் காரில் ஏறி, பிறகு இருபது ஆண்டுகளுக்குள் ஏறக்குறைய எல்லாக் கார்களையும் பிடித்துக்கொண்டது. கேபிள் நீளும், துருப்பிடிக்கும், ஒரு சக்கரத்தை அதிகமாகவும் மறு சக்கரத்தைக் குறைவாகவும் இழுக்கும். திரவத்துக்கு இந்தக் குணதோஷங்கள் இல்லை. அன்று முதல் ஹேண்ட் பிரேக் ஓடுகிற வண்டியை நிறுத்தும் உத்தியோகத்திலிருந்து இறங்கி, நின்ற வண்டியைக் காவல் காக்கும் உத்தியோகத்துக்கு வந்தது. ஆனாலும் அதை ஒழித்துவிட யாருக்கும் துணிவு வரவில்லை. திரவம் ஒழுகிப்போனால் மிதி தரை வரையில் போய்விடும். இரவு முழுவதும் ஒருவன் மிதியை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கவும் முடியாது. ஆதலால் திரவத்தோடு சம்பந்தமில்லாத, கேவலம் இரும்புக் கம்பியால் மட்டும் இயங்குகிற ஒரு தடை தனியே இருக்கவேண்டும் என்பது பல தேசங்களில் விதியாயிற்று.

நம் தேசத்துச் சட்டமும் அதையே சொல்லிற்று. 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டமும், அதை நீக்கி வந்த 1988ஆம் ஆண்டுச் சட்டமும், சாரதியின் ஆசனத்தில் லைசென்ஸ் உள்ளவர் இல்லாதபோது, யந்திரத்தை நிறுத்திப் பிரேக்கைப் போட்டோ வேறு உபாயம் செய்தோ, வண்டி தானாக நகராதபடி பார்த்துக்கொள்ளாமல் அதைப் பொதுவிடத்தில் நிறுத்தக்கூடாது என்று விதித்திருக்கின்றன. மத்திய மோட்டார் வாகன விதிகள், மோட்டார் சைக்கிள் முதலிய சிலவற்றைத் தவிர ஒவ்வொரு வண்டிக்கும் காலால் இயக்கும் பிரேக் ஒன்று, நிறுத்திவைக்கும் பிரேக் ஒன்று என ஒன்றையொன்று சாராத இரண்டு ஏற்பாடுகள் வேண்டுமென்கின்றன. வேறு உபாயம் என்று சட்டம் சொன்னதை லாரிக்காரர்கள் தங்களுக்கு அனுகூலமாக வியாக்கியானம் செய்துகொண்டார்கள். மொகிலி ஏற்றத்தில் லாரி மூச்சு முட்டி நின்றால், முதலில் கீழே குதிப்பவன் கிளீனர். அவன் கையில் ஒரு கட்டை இருக்கும். கட்டை இல்லையென்றால் சாலையோரத்துக் கல். கார்ன்வாலிஸின் பீரங்கிக்குப் பின்னால் நடந்த கூலியாளின் வேலையை அவன் இன்றும் செய்துகொண்டிருக்கிறான். அதில் பழுது சொல்வதற்கில்லை. பத்து டன் பாரத்தைக் கல் பிடிக்கிறதென்றால் பிடிக்கட்டும். லாரி நகர்ந்தபின் அந்தக் கல்லை நடுச்சாலையில் விட்டுவிட்டுப் போகும் வழக்கத்தைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. இரவில் இருசக்கர வண்டியில் வருகிறவனுக்கு அந்தக் கல் எமன்.

கார்களின் விஷயம் வேறு. 1957இல் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் அம்பாஸிடரை விற்கத் தொடங்கியது முதல் 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது வரையில், நம் குடும்பங்களுக்குக் கிடைத்த கார்கள் இரண்டு மூன்று வகைகளே. அக்காலத்துச் சொந்தக்காரர்கள் ஜாக்கியும் ஸ்பேனரும் கையாளத் தெரிந்தவர்கள். பட்டறை தூரத்திலிருந்தது, பாகங்கள் அருமையாயிருந்தன. 1962இல் சென்னைப் பாடியில் பிரேக்ஸ் இந்தியா தொடங்கியபின் பிரேக் பாகங்களுக்கு அந்நிய நாட்டை எதிர்பார்த்திருக்கும் நிலை மெல்ல மாறிற்று. கூடவே அவற்றைத் தொட்டுப் பார்க்கும் பழக்கமும் வீடுகளில் குறைந்தது. கால் பிரேக்கைக் கைத்தேர்ச்சி இல்லாதவர் தொடக்கூடாது என்பதில் எனக்கு ஆட்சேபமில்லை. ஆனால் கேபிளால் இயங்கும் ஹேண்ட் பிரேக்கைச் சரிசெய்வது பொறுமையுள்ள எந்தக் குடும்பஸ்தனும் தன் வீட்டு வாசலிலேயே செய்துகொள்ளக்கூடிய வேலை.

வேலையின் கிரமம் பழைய வண்டிக்காரனுடையதே. சமதளத்தில் வண்டியை நிறுத்தி, முன்சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, ஹேண்ட் பிரேக்கை முழுவதும் தளர்த்தி, கியரை நியூட்ரலில் விட்டு, பின்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி உறுதியான ஸ்டாண்டுகளின்மேல் இறக்கவேண்டும். செங்கல்லை அடுக்கித் தாங்கவைப்பவர்கள் தங்கள் பெண்டு பிள்ளைகளை நினைத்துக்கொள்ளட்டும். பிறகு பின்சக்கரத்தைக் கையால் சுழற்றிப் பார்க்கவேண்டும். டிரம் பிரேக்காயிருந்தால் முதலில் தொடவேண்டியது கேபிளை அன்று, ஷூக்களை. டிரம்முக்குப் பின்னுள்ள தகட்டின் துவாரத்தில் ஸ்க்ரூ டிரைவரை விட்டு உள்ளே இருக்கும் சிறு பல்சக்கரத்தை ஒவ்வொரு பல்லாகத் தள்ளினால் ஷூக்கள் விரியும். சக்கரம் கையால் சுழலாதபடி இறுகும் வரையில் தள்ளிவிட்டு, பின் தங்குதடையின்றிச் சுழலும் வரையில் சில பற்கள் திருப்பிவிடவேண்டும். சில வண்டிகளில் துவாரத்துக்குப் பதிலாகத் தகட்டின் வெளியே ஒரு சதுரத் தலை ஆணி இருக்கும். தானாகவே ஈடுசெய்துகொள்ளும் ஏற்பாடு உள்ள புதிய வண்டிகளில் இந்த வேலை மிச்சம்.

ஷூ சரியான பிறகே கேபிள். லீவரின் அடியிலோ, வண்டியின் வயிற்றுப் பக்கம் இரண்டு கேபிள்களும் ஒன்றுசேரும் இடத்திலோ, திருகு வெட்டிய கம்பியில் ஒரு நட்டும் அதைப் பூட்டும் செக் நட்டும் இருக்கும். செக் நட்டைத் தளர்த்தி, நட்டைச் சிறிது சிறிதாக முறுக்கி, லீவரை ஒவ்வொரு பல்லாக மேலே இழுத்துச் சக்கரங்களைச் சுழற்றிப் பார்க்கவேண்டும். எத்தனையாவது பல்லில் பிடிக்கவேண்டும் என்பது வண்டிக்கு வண்டி மாறும். கூடவந்த கையேட்டில் அச்சிட்டிருப்பார்கள். லீவர் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றபின் பிடித்தால் போதாது. முதற்பல்லிலேயே பிடித்தால் அது ஓடும்போதும் உரசிக்கொண்டிருக்கும் என்று அர்த்தம். இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே பல்லில் பிடிக்கின்றனவா என்று பார்ப்பதுதான் இதில் நுட்பமான கட்டம். ஒன்று பிடித்து மற்றொன்று சுழன்றால் ஒரு கேபிள் உறைக்குள் துருப்பிடித்துச் சிக்கியிருக்கிறது என்று கொள்ளலாம்; அதற்கு மருந்து நட்டில் இல்லை, புதுக் கேபிளில்தான் இருக்கிறது. முடிவில் லீவரை முழுவதும் கீழே தள்ளி, சக்கரங்கள் இரண்டும் தடையின்றிச் சுழல்கின்றன என்று நிச்சயித்துக்கொண்டு செக் நட்டை இறுக்கவேண்டும். டிரம்மைக் கழற்ற நேர்ந்தால் உள்ளிருக்கும் தூளை வாயால் ஊதக்கூடாது; பழைய வண்டியானால் அது கல்நார்த் தூளாக இருக்கலாம்.

ஷூவை விட்டுவிட்டுக் கேபிளை மட்டும் முறுக்கும் வழக்கம் பட்டறைகளிலேயே பரவிவிட்டது. ஐந்து நிமிஷத்தில் முடிகிறது, லீவரும் விறைப்பாகத் தோன்றுகிறது, வாடிக்கைக்காரரும் சந்தோஷமாகப் போகிறார். ஆனால் தேய்ந்துபோன ஷூவின் குறையைக் கேபிள் சுமக்கத் தொடங்குகிறது. உள்ளேயிருக்கும் சிறு நெம்புகோல் தன் ஓய்வு நிலைக்குத் திரும்ப முடியாமல் பாதி இழுத்தபடியே நிற்பதால், தானாக ஈடுசெய்யும் ஏற்பாடும் வேலை செய்யாமற் போகிறது. கட்டை தேய்ந்தபின் கயிற்றை மட்டும் இழுத்துக் கட்டிய வண்டிக்காரனைப் பழைய காலத்துப் பெரியவர்கள் என்ன சொல்லியிருப்பார்களோ அதையே இந்த வேலைக்கும் சொல்லலாம்.

மலைப்பாதைக்கே உரிய இன்னொரு சங்கதி உண்டு. மேலேயிருந்து இறங்கி வந்த வண்டியின் பிரேக்குகள் நன்றாகச் சூடேறியிருக்கும். டிரம் சூட்டில் விரிந்து, ஆறும்போது சுருங்குகிறது. ஆகையால் சூடாயிருக்கையில் பலமாகப் போட்ட ஹேண்ட் பிரேக் ஆறியபின் இன்னும் இறுகி, சில சமயம் விட மறுக்கும். பின்சக்கரத்தில் டிஸ்க் என்னும் தட்டை, அதைக் கவ்வும் காலிப்பர் வழியாகவே ஹேண்ட் பிரேக் பிடிக்கும் வண்டிகளில் இதற்கு நேர் விரோதம்: ஆறும்போது பிடி தளரும், நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போன வண்டி கால்மணி கழித்து மெல்ல நகர ஆரம்பித்த சம்பவங்கள் பல தேசங்களில் உண்டு. அதனால்தான் சரிவில் நிறுத்துகிறவன் லீவரோடு திருப்தியடையாமல் கியரையும் போட்டு, முன்சக்கரத்தை ஓரத்துப் பக்கம் திருப்பிவைக்கவேண்டும் என்பது. ஏறின கியரிலேயே இறங்கு என்ற பழைய டிரைவர் உபதேசமும், பிரேக்கைச் சூடேறாமல் காப்பதற்காகவே ஏற்பட்டது. அதை மறந்தவர்களுக்கு மொகிலிச் சாலை இரக்கம் காட்டுவதில்லை. 2024 செப்டம்பரில் கூட அங்கே அரசுப் பேருந்தும் லாரிகளும் மோதிப் பல உயிர்கள் போயின.

இப்போது காலம் மறுபடியும் மாறுகிறது. 2001இல் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. பெரிய காரில் லீவருக்குப் பதிலாக ஒரு பொத்தானை வைத்தது. இன்று நம் ஊர் நடுத்தர விலைக் கார்களிலும் அந்தப் பொத்தான் வந்துவிட்டது. உள்ளே ஒரு சிறு மோட்டார் பிரேக்கை இறுக்குகிறது. தேய்மானத்தை அதுவே கணக்கிட்டுக்கொள்கிறது. அத்தகைய காரின் பின்சக்கரப் பிரேக்கைத் தொடவேண்டுமானால், முதலில் அதைத் தளர்வு நிலைக்குக் கொண்டுபோகக் கருவி வேண்டும். வாசலில் உட்கார்ந்து ஸ்பேனரால் செய்யும் காரியமல்ல அது. சாலையும் மாறுகிறது; சென்னை–பெங்களூர் விரைவுச்சாலை பலமனேர்ப் பக்கமாகவே வருகிறது. ஆனாலும் சாலையில் ஓடும் கார்களில் பெரும்பான்மை இன்றும் லீவரும் கேபிளும் உடையவையே.

அத்தகைய வண்டி உடையவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மலைப்பக்கம் புறப்படுமுன் ஒரு மெல்லிய சரிவில் வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை மட்டும் போட்டு, காலை மிதியின்மேல் தயாராக வைத்துக்கொண்டு, அது தாங்குகிறதா என்று பாருங்கள். தாங்காவிட்டால் மேலே சொன்ன கிரமத்தில் சரிசெய்துகொள்ளுங்கள். கை வராது என்று தோன்றினால் பட்டறைக்குக் கொண்டுபோய், ஷூவையும் பார்க்கச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். வழியில் எப்போதேனும் சக்கரத்தடியில் கல் வைக்க நேர்ந்தால், புறப்படும்போது தயவுசெய்து அந்தக் கல்லை எடுத்துச் சாலைக்கு வெளியே போட்டுவிட்டுப் போங்கள்.